மலையக வரலாறு இணையத்தில்: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட வாசிகசாலையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். பாதிப் பேர் பாடசாலை ஒப்படைக்காக வருவார்கள். மீதிப் பேர் “எங்க தோட்டத்தைப் பத்தி போன்ல ஏதாவது இருக்கா சேர்?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்தது இணையத்தில் நிறைய கிடைக்கிறது. நாம் சொல்லி வைத்தது மிகவும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கீழே உள்ள பதில்கள் எல்லாமே அதை மனதில் வைத்து எழுதியவை.

முதலில் எந்தத் தளத்தைத் திறப்பது?

நூலகம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம் இது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள் என ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் இருக்கின்றன. காசு கட்ட வேண்டியதில்லை. படங்கள், ஒலிப்பதிவுகள் போன்றவற்றுக்கு அவர்களே ‘ஆவணகம்’ என்று இன்னொரு தளம் நடத்துகிறார்கள்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் புத்தகங்களை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மலர்களையும் பாருங்கள். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், வாசிகசாலை ஆண்டு விழா மலர் போன்றவற்றில்தான் ஒரு தோட்டத்துக் கோயிலை யார் எந்த ஆண்டு கட்டினார்கள், முதல் வாத்தியார் யார் என்ற விவரமெல்லாம் கிடைக்கும். பெரிய வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு இடம் இருக்காது.

எங்கள் தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வருவதில்லையே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. பதிவேட்டில் துரைமார், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், வைத்த பெயர் இருக்கும். டன்சினன், ஹோலிரூட் என்று ஸ்கொட்லாந்து இடங்களின் பெயர்களையே கொண்டுவந்து வைத்தார்கள். லயத்துப் பேச்சில் (லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு) வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும். அது ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கிய ஒரு கங்காணியின் பெயராகவோ ஆற்றின் பெயராகவோ இருக்கலாம். பாட்டி சொல்லும் பெயர் ஆங்கில ஆவணத்தில் இருக்காது. ஆங்கிலப் பெயர் பாட்டியின் பாட்டில் இருக்காது. ஆகவே முதலில் இரண்டு பெயர்களையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெர்குசன் என்பவரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டு முதல் வெளிவந்த ‘சிலோன் டிரெக்டரி’யில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அதன் பழைய தொகுதிகள் சில, இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச எண்ணிம நூலகத் தளத்தில் இருக்கின்றன. ஏக்கர் எவ்வளவு, சொந்தக்காரர் யார், துரை யார் என்ற விவரமும் அதிலேயே கிடைக்கும். தொழிலாளர்களின் பெயர் ஒன்றுகூட இருக்காது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்தது எழுத்து. ஒருவர் ஹட்டன் என்று எழுதுவார், இன்னொருவர் அட்டன் என்பார். தலவாக்கலை, தலவாக்கொல்லை இரண்டும் உண்டு. நுவரெலியா, நுவரேலியா என்றும் எழுதுவார்கள். நாம் கோப்பி என்கிறோம், தமிழ்நாட்டில் காப்பி என்கிறார்கள். பழைய எழுத்தில் மலையகத்தைவிட மலைநாடு என்ற சொல்தான் அதிகம். ஒரு எழுத்து மாறினாலும் தேடல் கைவிட்டுவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

2000களில் எழுதப்பட்ட பல பக்கங்கள் யுனிகோடில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தைக் கொட்டிக் கலைத்த மாதிரி இருக்கும். பழுதாகிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். அந்த எழுத்துகளைப் பிரதி எடுத்து, எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும்.

அப்புறம் மனதுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். வெள்ளைக்காரர் கால ஆங்கில ஆவணங்களில் நம் மக்கள் ‘தொழிலாளர்’ என்ற பெயரில் இருக்க மாட்டார்கள். ‘கூலி’ என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் போட்டால்தான் அறிக்கைகள் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்ய மாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. நானே அடித்துக் கொடுத்தேன். வந்த பக்கங்களை அவள் படித்தாள். தேடுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம். உங்கள் ஒப்படையில் எழுதும்போது தொழிலாளர் என்றே எழுதுங்கள்.

பாடசாலைப் புத்தகத்தை இணையத்தில் எடுக்கலாமா?

எடுக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கலாம். ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இருக்கின்றன. அவற்றில் நம் மக்களின் கதை சில பத்திகளுக்கு மேல் போகாது. மீதிக்கு மேலே சொன்ன இடங்களைத்தான் நாட வேண்டும்.

ஒப்படையில் எந்த ஆண்டுகளைத் துணிந்து எழுதலாம்?

பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் முதல் வரியே பெரும்பாலும் பிழையாக இருக்கிறது: “தேயிலை பயிரிட நம் முன்னோர் வந்தார்கள்.” தமிழ்நாட்டிலிருந்து அவர்கள் வந்தது கோப்பிக்கு. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1820களின் முற்பகுதியில். அந்தக் கணக்கை வைத்துத்தான் 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். அந்த நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தும் போனார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இரண்டு ஆண்டு கழித்து, 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி படுத்துவிட்டது, அந்த மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டது.

நடந்து வந்த கதையையும் ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல். தலைமன்னார் ரயில் பாதை திறந்தது 1914இல். அதற்கு முன்னால் வந்தவர்களில் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனை பேர் என்று சரியாக எண்ணி எழுதியவர் எவருமில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை நம் பெரியவர்கள் ஏன் அத்தனை உருக்கமாகச் சொல்கிறார்கள் என்பது அந்தப் பாதையை வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டு போனால் புரியும். கூகுள் மேப்பைத் திறந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைவழி போட்டுப் பாருங்கள். தூரத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் பேசாமல் ஆகிவிடுகிறார்கள்.

குடியுரிமை விஷயத்தில் நான்கு ஆண்டுகள் தெரிந்தால் போதும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு 1974இல் வந்தது, இரண்டு நாட்டுக்கும் பாதிப் பாதி. கடைசியாக, நாடற்று எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இந்த எண்களை எழுதும்போது கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: உங்கள் குடும்பத்தில் யார் போனார்கள், யார் நின்றார்கள். இங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அதற்குப் பதில் இருக்கிறது.

ஒரு தளம் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. எதை நம்புவது?

எழுதியவர் எங்கே நின்றுகொண்டு எழுதினார் என்று பாருங்கள். பங்களா வராந்தாவில் இருந்து பார்த்தால் மலை ஒரு மாதிரி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி. தேயிலையின் வரலாறு என்று அழகான ஆங்கிலத் தளங்கள் இருக்கின்றன. துரைமாரின் கடிதங்கள், இயந்திரங்களின் படங்கள், கல்லறைகளின் பட்டியல்கூட அவற்றில் உண்டு. பயன்படும், பாருங்கள். 19 ஏக்கரில் டெய்லர் நட்டார் என்றால் குழி வெட்டியவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

படங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் பழைய தபாலட்டைப் படங்கள் இணையத்தில் ஏராளம். ஒருநாள் அப்படி ஒன்றைப் பெரிதாக்கி வைத்து, நாற்பது வருடம் கொழுந்தெடுத்த ஒரு அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே இடுப்பைப் பார்த்தார். “படங்கு கட்டலையே” என்றார். மழையிலும் பனியிலும் சேலை நனையாமல், செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குப் படங்கைச் சொல்கிறார். “நகையெல்லாம் போட்டு, புதுச்சேலை கட்டி... படம் புடிக்கக் கூட்டிட்டுப் போயி நிறுத்தியிருக்காங்க.” படத்தின் கீழே இருந்த ஆங்கிலக் குறிப்பு ‘வேலையில் இருக்கும் தமிழ்ப் பெண்’ என்றது. நான் அந்த அம்மா சொன்னதை நம்புகிறேன்.

நம் பக்கத்திலிருந்து எழுதியவர்களைத் தேடுங்கள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார். மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளர்களைத் திரட்டினார். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலம் அது. முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டது போன்ற சம்பவங்களைத் தேடும்போது அரசாங்க அறிக்கையையும் தமிழ்ப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

காமன் கூத்து யூடியூபில் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதலாமா?

பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். காணொளியில் வருவது பெரும்பாலும் ரதி மதன் ஆட்டமும் தீ மூட்டும் இரவும்தான். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து மாசியில் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றும்போதே தொடங்கிவிடுகிறது. அதற்குப் பின் வரும் நாட்களில் விரதம், ஒத்திகை, வீடு வீடாக வசூல், வேடக்காரர்களின் பொறுப்பு எல்லாம் நடக்கும். தப்பு அடிக்கும் அண்ணன்மாரிடம் போய் உட்கார்ந்தால் எந்தக் கட்டத்துக்கு எந்த அடி என்று அடித்தே காட்டுவார்கள். ரதி புலம்பலுக்கு அடி இறங்கும் விதத்தைக் கேட்டுவிட்டுக் காணொளியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், முதல் தடவை காதில் விழாதது விழும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றுக்கும் இதுதான் வழி. தபசு மரத்தில் ஏறுகிறவர் இறங்கும்வரை பாடும் பாட்டு ஒவ்வொரு தோட்டத்திலும் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைப் பதிவு செய்தால் அதுவே நல்ல ஒப்படை.

தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, துரையையும் கங்காணியையும் ஏசும் பாட்டுகள் வேண்டுமானால், சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்திருக்கிறார். அவர் வட்டகொடைக்குப் பக்கத்தில் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர். அந்தப் பாட்டுகளைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். “அப்படியில்ல, இப்படி” என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

தாத்தா இந்தியாவில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

இணையத்தில் பெயரைப் போட்டால் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். என் அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு உறை இருந்தது. நான்காக மடித்து மடிப்பு இற்றுப்போன குடியுரிமைக் கடிதம், ரேகை வைத்த ஒரு தோட்டச் சீட்டு, பாஸ்போட்டுக்கு எடுத்த சின்னப் படம். சீட்டின் பின்பக்கம் பென்சிலில் ‘முசிறி’ என்று மட்டும் இருந்தது. அப்பா அதுவரை எங்களுக்குச் சொந்த ஊர் சேலம் என்றே சொல்லி வந்தார்.

எந்த மாதிரித் தாள்களைத் தேடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இணையம் உதவும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கு மாவட்ட எழுத்தும் தோட்ட எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் தமிழ்நாட்டு மண்டபம் முகாமிலிருந்து தோட்டம்வரை ஆளை அனுப்பினார்கள். ‘துண்டு’ என்பது இன்னொன்று. தொழிலாளியின் கடன் தொகையைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது, 1921இல் ஒழிக்கப்பட்டது. இவை ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் உடனே இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். சூடு பட்டால் பழைய தாள் போய்விடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் அந்த ஊரின் குலதெய்வக் கோயிலைத் தேடுங்கள். நம் தோட்டத்துக் கோயிலில் இருக்கும் அதே சாமி அங்கேயும் இருக்கும் பல சமயம். முசிறிப் பக்கம் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பாட்டியைப் பேச வைத்துப் பதிவு செய்ய ஆசை. எப்படி?

முதல் நாள் போனை வெளியே எடுக்காதீர்கள். சும்மா பேசுங்கள். அடுத்த தடவை, எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, அந்தச் சம்மதத்தையும் குரலில் பதிந்துகொள்ளுங்கள். கூரைத் தகரத்தில் மழை விழும் நேரமும் டிவி ஓடும் நேரமும் வேண்டாம்.

“அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “கஷ்டம்தான்” என்பார், அதோடு முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள். முதன்முதலில் பேர் பதிந்தபோது அரைப்பேரா முழுப்பேரா (பாதிச் சம்பளமா முழுச் சம்பளமா)? பிள்ளைமடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், யார் பார்த்துக்கொண்டார்? கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ கழிப்பார்கள், எதற்கு? பணிய (கீழ்) லயத்தில் யார் யார் இருந்தார்கள், காம்பரா காம்பராவாக (அறை அறையாக) சொல்லுங்கள் என்றால் போதும், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவார். அழுதால் பதிவை நிறுத்துங்கள். ஒரு பேச்சு முடிந்ததும் கோப்புக்குத் திகதி, தோட்டம், பேசியவர் பெயர் போட்டு, இரண்டு இடங்களில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருந்த ஒரு பதிவை, போன் தண்ணீரில் விழுந்ததால் நான் இழந்தேன். அந்தத் தாத்தா இப்போது இல்லை.

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து போடலாமா?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை இருக்கிறது. நடேசய்யர் 1947இல் மறைந்தார், அவர் எழுதியவை பொதுவுடைமை ஆகிவிட்டன. சி.வி. 1984இல் மறைந்தார், அவர் எழுத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். நம் எழுத்தாளர்கள் பலர் கைக்காசில் புத்தகம் போட்டவர்கள். மனதாரத் தருவார்கள், கேட்காமல் எடுத்தால்தான் வருத்தம். அனுமதி கிடைத்தால் நூலகத்துக்கு அனுப்புங்கள், அவர்கள் முறையாக எண்ணிமமாக்குவார்கள்.

எங்கள் மலையில் சிக்னலே இல்லை.

தெரியும். டவுனுக்குப் போகிறவர் ஒருவர் பிடிஎப் கோப்புகளை மொத்தமாகத் தரவிறக்கிக்கொண்டு வந்தால், புளூடூத்தில் எல்லாருக்கும் பகிரலாம். வாசிகசாலையில் ஒரு பென்டிரைவில் அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறோம்.

நேரில் போய்ப் பார்க்க எது இருக்கிறது?

கம்பளைப் பக்கம் நியூ பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அம்மி, கவ்வாத்துக் கத்தி, கூடை, பழைய தாள்கள் என்று வீட்டுச் சாமான்களே காட்சிப் பொருள். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களைப் பார்க்க நல்லது. முதலில் கம்பளைக்குப் போய்விட்டு அப்புறம் ஹந்தானைக்குப் போங்கள் என்பேன். கடும் வரட்சி ஆண்டில் மஸ்கெலியாப் பக்கம் போனால், மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய நகரத்தின் கோயில் வெளியே தெரியும். படம் எடுத்தால் திகதியையும் எழுதுங்கள்.

எங்கள் லயத்தை இடித்துப் புதுவீடு கட்டப் போகிறார்கள். என்ன செய்யலாம்?

புதுவீடு வர வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தது போதும். இடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லயம் முழுவதும் தெரிய எட்ட நின்று ஒரு படம், பிறகு ஒவ்வொரு காம்பராக் கதவும் எண் தெரிய ஒரு படம். இஸ்தோப்பு (முன் திண்ணை), அடுப்படி, சாமிப் படம் இருந்த மூலை, தண்ணீர்ப் பீலி. நாடா வைத்து அளந்து ஒரு தாளில் வரைந்து, எந்தக் காம்பராவில் எந்த ஆண்டுவரை யார் இருந்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். 1964க்குப் பிறகு கப்பலேறிப் போன குடும்பங்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். உள்சுவரையும் பாருங்கள். எங்கள் லயத்தில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில், பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கீறிய கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பெயர் இருந்தது. அதில் இரண்டு பெயர்கள் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாதவை.